கோரிக்கும் அயிரைக்கும் ஒரு மணல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை அயிரை மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். டம்ளரைச் சாய்த்ததும் நேராக அடிக்குப் போனது. மணல்மேல் வயிற்றை வைத்து ஒரு நொடி நின்றது. பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, துணியில் ஊசி இறங்குகிற மாதிரி உள்ளே போய்விட்டது. வால் நுனியும் மறைந்த இடத்தில் கொஞ்சம் மணல் சுழன்று அடங்கியது. சற்று நேரத்தில் ஒரு சாண் தள்ளி இரண்டு கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் மேலே தெரிந்தன. மகன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, மணல் மூச்சு விடுது" என்றான். உண்மைதான். செவுள் இருக்கிற இடத்தில் நாலைந்து மணற்பருக்கை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இதைப் பார்க்க எட்டு மாதம் ஆகியிருக்கிறது. நடுவில் நாலு மீன் செத்தது. அடியில் வாழும் மீன் வளர்க்க நினைக்கிற இன்னொருவர் இதே நாலு மீனைச் சாகவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். தொட்டி மூன்றடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 130 லிட்டர் சொச்சம் பிடிக்கும். போன அக்டோபர் கடைசியில் வாங்கினோம். கடையிலேயே அடியில் போட 10 கிலோ நீல நிறக் கல் கொடுத்தார்கள். மகன் ஆசைப்பட்டதால் ஆறு கோரிடோராஸ் வாங்கினேன், ஒன்று 90 ரூபாய். எல்லாரும் சுருக்கமாகக் கோரி என்பார்கள். உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு, வாயோரத்தில் மீசை, நாள் முழுக்கத் தரையை முகர்ந்துகொண்டே திரியும் மீன். இந்தக் கல் அதற்கு ஆகுமா என்று நான் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

பொங்கல் விடுமுறையில் மகன் செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அக்டோபர் படத்தில் மீசை நாலைந்து மில்லிமீட்டர் நீளத்துக்கு வாய்க்குக் கீழே தொங்குகிறது. ஜனவரிப் படத்தில் வெறும் மொட்டை, அடியில் சிவப்பு. ஆறில் மூன்று மீனுக்கு அப்படி.

நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். 60 ரூபாய்க்கு மெத்திலீன் ப்ளூ வாங்கி ஊற்றினேன். தண்ணீரும் தொட்டி மூலையில் இருந்த சிலிகான் பசையும் நீலமாயின, மீசை அப்படியேதான் இருந்தது. கல்லுப்பு போடச் சொன்னார்கள். ஒரு கரண்டி போட்ட பிறகுதான் கோரிக்கும் அயிரைக்கும் உப்பு அவ்வளவாக ஆகாது என்று தெரிந்து, பாதித் தண்ணீரை உடனே மாற்றினேன்.

காரணம் கையில் பட்டது கல்லைக் கிளறியபோது. விரலை அடிவரை விட்டதும் பழுப்பாகக் கசடு கிளம்பியது. அழுகிய தீனி நாற்றம். டியூப் வைத்து உறிஞ்சியதில் ஒரு வாளி நிறையக் கறுப்புத் தண்ணீர் வந்தது. கல் கடலைப்பருப்பு அளவு இருந்ததால், போட்ட தீனியெல்லாம் இடுக்கு வழியே கீழே இறங்கி மூன்று மாதமாக அங்கேயே அழுகியிருக்கிறது. கோரி அந்த இடுக்கில்தான் முகத்தை நுழைக்கும். கல்லின் உடைந்த விளிம்பு மீசையைக் கீறும், கீறிய இடத்தில் அந்த அழுக்கு ஏறும். கூர்மை ஒரு பாதி, அழுக்கு ஒரு பாதி. எனக்கு அன்று கூர்மை மட்டும்தான் கண்ணில் பட்டது. அடுத்த தப்புக்கு அதுவே வழி வகுத்தது.

கல் கூடாது, மணல்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். கொத்தனார் அரை மூட்டை எம் சாண்ட் சும்மாவே கொடுத்தார். இருபது தடவை அலசியும் சாம்பல் நிறத்தில் பால் மாதிரி வந்துகொண்டே இருந்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மீனை வாளியில் எடுத்துவைத்து, நீலக்கல்லை முழுக்க அள்ளிவிட்டு, இந்த மணலைப் பரப்பினேன். சுத்தமாக இருக்கட்டும் என்று பில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பிழிந்து கழுவினேன்.

நாலு நாளில் மூன்று கோரி செத்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. கல்லை வெளியே எறிந்தேன், ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினேன். ஒரே நாளில் இரண்டையும் அழித்துவிட்டேன். மூன்றாவது மீன் செத்த பிறகு 450 ரூபாய்க்குப் பரிசோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தால் அம்மோனியா 1 பிபிஎம். பூஜ்யமாக இருக்க வேண்டியது. இரண்டு வாரம் தினமும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, மீதி மூன்றைக் காப்பாற்றினேன். அந்தப் பெட்டியை மீன் வாங்கிய அன்றே வாங்கியிருக்க வேண்டும். இப்போதும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மார்ச் கடைசியில் பிசான நெல் அறுவடை முடிந்து பாளையங்கால்வாயில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. அங்கங்கே தேங்கின குட்டையிலிருந்து தம்பி நாலு அயிரை பிடித்துக்கொண்டு வந்தான். விரல் நீளம், மணல் நிறத்தில் புள்ளி புள்ளியாக, பார்க்க அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி குழம்பு எப்போது என்பதுதான். அத்தை மட்டும் டப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "அது மண்ணத் திங்கிற மீனுலா, வெறுந் தண்ணியில போட்டா எப்படி இருக்கும்?" என்றார்கள். சமைக்கும் முன் உப்பிலோ பாலிலோ போட்டு வயிற்று மண்ணைக் கக்க வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு. எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான யோசனை அதுதான்.

கால்வாய் மீனை நேராகத் தொட்டியில் விடக் கூடாது என்பதால் மூன்று வாரம் தனி டப்பில் வைத்தேன். ஏப்ரல் நடுவில் எம் சாண்ட் தொட்டிக்கு மாற்றினேன். அயிரை மணலுக்குள் போகப் பார்த்தது. தலையை வைத்து அசைத்தது, சட்டென்று பின்வாங்கியது. இன்னொரு முறை அப்படியே. பிறகு மூலையில் மணல்மேல் கிடந்தது. நாலுமே அப்படித்தான் செய்தன. இரவெல்லாம் கண்ணாடி ஓரமாக ஏறி இறங்கி அலைந்தன. இரண்டாம் நாள் காலையில் மூடியில் ஒயர் போகிற ஓட்டை வழியாக ஒன்று வெளியே குதித்துத் தரையில் காய்ந்து கிடந்தது. அயிரை குதிக்கும் என்று தெரிந்தும் ஓட்டையை அடைக்காமல் விட்டேன். மீதி மூன்றையும் அன்றே டப்புக்கு மாற்றினேன்.

120 ரூபாய்க்கு நகை பார்க்கும் லென்ஸ் ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்குவது, வாங்கி எம் சாண்டைப் பார்த்தேன். சுத்தியலால் உடைத்த கற்கண்டு எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒவ்வொரு பருக்கைக்கும் விளிம்பு, முனை. கருங்கல்லை இயந்திரத்தில் உடைத்துச் செய்கிற மணல் அது. கட்டடத்துக்கு அந்த முனைகள் பிடிப்பு கொடுக்கும், மீன் முகத்துக்கு ஆகாது. பூச்சு வேலைக்கு விற்கிற பி சாண்டையும் பார்த்தேன். அளவு சிறிது, முனை அதே முனை. இதைக் கையில் தேய்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஈரமாக இருந்தால் எம் சாண்டும் கைக்கு மெதுவாகத்தான் இருக்கிறது.

சாத்தான்குளம் பக்கம் சித்தி வீட்டு முற்றம் முழுக்கத் தேரி மண். ஒரு கிலோ பையில் போட்டுக் கொண்டுவந்தேன். லென்ஸில் பார்த்ததும் இதுதான் என்று தோன்றியது. காற்றே உருட்டி உருட்டிச் செய்த பருக்கை, கசகசா மாதிரி உருண்டை. தட்டில் பரப்பி டப்புக்குள் வைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, மூன்று அயிரையும் உள்ளே போய்விட்டன. ஆனால் நிறம் போகவில்லை. அந்தச் சிவப்பு பருக்கைமேல் படிந்திருக்கிற இரும்புத் துரு. பதினாறு அலசலுக்குப் பிறகும் கையில் ஒட்டியது. ஏர் பம்ப் போட்டதும் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது, இரவு நிறுத்தினால் எல்லாவற்றின்மேலும் சிவப்புப் படலம். உருண்டைக்காக மட்டும் மதிப்பெண் போட்டால் தேரிதான் முதல். வைத்துக்கொள்ள வழியில்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உவரிக் கோயிலுக்குப் போனபோது எடுத்துவந்த ஒரு பிடி கடல் மணல் சீக்கிரம் முடிந்தது. வினிகர் ஊற்றினதும் சோடா மாதிரி நுரைத்தது. பாதி சிப்பித் தூள். தண்ணீர் பாட்டிலில் போட்டுவைத்தேன், 7.2 இருந்த பி.எச்., அதாவது தண்ணீரின் அமில கார அளவு, மூன்றே நாளில் 8.2.

கடைசி மணல் வீட்டிலேயே இருந்தது. 2009இல் வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் புறவாசலில் தென்னை மரத்தடியில் மேடாகக் கிடக்கிறது. தாமிரபரணியில் இப்போது போய் ஒரு சட்டி அள்ளுவதும் தப்பு, அள்ளவும் கூடாது. பக்கத்து மனைக் கொத்தனார் அந்த மேட்டைப் பார்த்துவிட்டு, "யக்கா, இது இப்ப தங்கம்லா, மீனுக்கா போடுதீய?" என்றார். லென்ஸில் பார்த்தேன். பொதிகையிலிருந்து உருண்டு வந்த மணல். தேரி அளவுக்கு உருண்டை இல்லை, ஆனால் முனைகளெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தன.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பதினைந்து வருடமாகத் தெருப் பூனைகளுக்கு அந்த மேடுதான் கழிப்பிடம். மேலே அரை அடியை வெட்டி ஒதுக்கிவிட்டு உள்ளேயிருந்து எடுத்தேன். முதலில் எடுத்த பக்கம் தப்பு. ஜன்னல் கொசுவலையில் சலித்து, அலசி, வாளித் தண்ணீரில் மூன்று நாள் வைத்துப் பார்த்தால் பி.எச். 8ஐத் தாண்டியது. வினிகர் விட்டதும் அங்கங்கே குமிழி. மாமாவிடம் கேட்டேன். வீடு கட்டும்போது கலவை போட்டது அந்த ஓரத்தில்தான் என்றார்கள். சிமெண்ட் உருண்டைகள். அவ்வளவு மணலையும் கொட்டிவிட்டு மதில் ஓரமாகத் தோண்டி எடுத்தேன். அங்கே வினிகருக்கு அசைவே இல்லை, ஒரு வாரம் ஊறியும் பி.எச். 7.3.

சலித்த விதத்தைச் சொல்கிறேன், இதில்தான் மணலின் தரம் இருக்கிறது. முதலில் கொசுவலை. அதன் கண் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தங்குவதெல்லாம் பொடிக்கல், வேண்டாம். கீழே விழுந்ததை மாவு அரிப்பில் போட்டுச் சலித்தேன். இந்த முறை கீழே விழுவது தூசி, அது வேண்டாம். அரிப்பில் தங்குவதுதான் நம் மணல். கொசுவலைக்குள் நுழைந்து, மாவு அரிப்பில் நிற்கிற பருக்கை. தீனி உள்ளே இறங்காமல் மேலேயே கிடக்கும், கோரி வாயில் எடுத்துச் செவுள் வழியே விடவும் முடியும். 60 கிலோ சலித்ததில் 24 கிலோதான் தேறியது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் ஓட்டினேன். கறுப்புப் பருக்கை கொஞ்சம் ஒட்டியது, கூடவே கட்டுக்கம்பித் துண்டு 37. ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. காந்தம் ஓட்டாமல் விட்டிருந்தால் அத்தனையும் தொட்டிக்குள் போயிருக்கும்.

பூனைக்காக வறுத்தேன். புறவாசலில் மூன்று செங்கல் வைத்து, தேங்காய் மட்டை எரித்து, பழைய இருப்புச்சட்டியில் மூன்று கிலோ மூன்று கிலோவாக, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். அத்தை வந்து நின்று, "ஏளா, கடலை வறுக்கியோன்னு வந்தேன்" என்றுவிட்டு, மட்டையைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்துவிட்டார்கள். எட்டு ஈடு, இரண்டு சாயங்காலம். மே மாத வெயிலில் அடுப்படி வேலை என்பதால் காலை ஆறு மணிக்கு ஆரம்பிப்பது நல்லது. வறுத்தபின் வாளியில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, குழாயை அடிவரை விட்டு, பதினோரு அலசல். தண்ணீரைத் தென்னைக்கு விட்டேன். எம் சாண்ட் அலசியபோது வாறுகாலில் விட்டு அது அடைத்துக்கொண்டது.

எவ்வளவு மணல் போடுவது என்பதற்குக் கணக்கு எளிது. 36 × 15 × ஒன்றரை அங்குலம், 810 கன அங்குலம், 13 லிட்டர் சொச்சம். காய்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ வைத்தால் 21 கிலோ. நான் 20 போட்டேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது எம் சாண்ட் கற்றுக்கொடுத்தது. ஒரு மூலையில் மூன்று அங்குலம் குவிந்து, அடியில் காற்றுப் போகாமல் கறுத்து, கிளறினதும் அழுகின முட்டை நாற்றம் வந்தது. இப்போது வாரம் ஒருமுறை தென்னை ஈர்க்கை வைத்து அங்கங்கே குத்திவிடுகிறேன். அயிரை மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இந்த முறை மாற்றும்போது ஸ்பாஞ்சைத் தொடவே இல்லை. பழைய தண்ணீரில் பாதியைக் கேனில் பிடித்துவைத்து, திரும்ப அதையே ஊற்றினேன். எடுத்த எம் சாண்டில் மூன்று கிலோவைப் பழைய நைலான் காலுறையில் கட்டி ஒரு மூலையில் மூன்று வாரம் கிடக்கவிட்டேன். நுண்ணுயிர் அதிலிருந்து புது மணலுக்குப் போகட்டும் என்று. மணல்மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்து அதன்மேல்தான் தண்ணீர் ஊற்றினேன், குழி விழவில்லை. கலங்கல் ஒன்றரை நாளில் தெளிந்தது. அம்மோனியா நாலாம் நாள் 0.25, ஏழாம் நாள் பூஜ்யம். ஒரு மீனும் சாகவில்லை. கோரியை வலையில் பிடிக்காதீர்கள், துடுப்பு முள் வலையில் சிக்கும். அயிரைக்கும் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முள் உண்டு. டம்ளரில் ஓட்டிப் பிடிப்பதே நல்லது.

ஒரே ஒரு சேதம். மூன்றாம் நாள் பவர் பில்டர் கரகரவென்று சத்தம் போட்டு நின்றது. உள்ளே மணல் போய், தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறியான இம்பெல்லரைத் தேய்த்துவிட்டது. புதிது 180 ரூபாய். உறிஞ்சும் வாயை மணலிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி, ஸ்பாஞ்ச் உறை போட்ட பிறகு சத்தமில்லை.

மணல் போட்டு ஆறு வாரம் ஆகிறது. மூன்று கோரியில் இரண்டுக்கு மீசை வளர்கிறது, படத்தில் அளந்தால் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். கண் வரைக்கும் முகத்தை மணலில் புதைத்து, செவுள் வழியே மணலை ஊற்றிக்கொண்டு தொட்டி முழுக்கப் போகின்றன. மூன்றாவதற்கு வளரவில்லை. அடிக்குருத்தே போய்விட்டது. அதற்குத் தினமும் இரவு விளக்கை அணைத்தபின் ஒரே இடத்தில், இடது மூலையில், மூழ்கும் தீனி ஒரு வில்லை போடுகிறேன். அது இடத்தைப் பழகிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. மே மாதம் தண்ணீர் 32 டிகிரிக்குப் போனது. கோரிக்கு அது அதிகம். மூடியைத் திறந்து வலை போட்டு, சின்ன ஃபேனைத் தண்ணீர்மேல் ஓடவிட்டு 29க்குக் கொண்டுவந்தேன். அயிரைக்கு இந்த வெயில் ஒரு பொருட்டே இல்லை.

மெத்திலீன் ப்ளூ, பரிசோதனைப் பெட்டி, லென்ஸ், 40 ரூபாய் வினிகர், இம்பெல்லர், எல்லாம் சேர்த்து 850. செத்த மூன்று கோரி 270. கடையில் பாக்கெட் மணல் கிலோ 70 என்று விற்கிறது, 20 கிலோ 1,400 ஆகும். புறவாசலில் பழைய மணல் இல்லாதவர்கள் அதை வாங்கலாம். தண்ணீர் சுத்திகரிப்பு ஆலைக்குச் சாமான் விற்கிற கடையில் பில்டர் மணல் 50 கிலோ மூட்டையாகக் கிடைக்கும். 16/30 என்று போட்டிருந்தால் பருக்கை ஏறக்குறைய 0.6 முதல் 1.2 மில்லிமீட்டர், நான் சலித்து எடுத்த அளவுதான். ஆனால் உடைத்த வெள்ளைக்கல்லையும் அதே பெயரில் விற்கிறார்கள். ஒரு பிடி வாங்கி லென்ஸில் பாருங்கள், பிறகு மூட்டைக்குப் பணம் கொடுங்கள். கறுப்பாகப் பளபளவென்று இருக்கிற மணலைத் தாமிரக் கசடா என்று கேட்காமல் தொடாதீர்கள். அது கண்ணாடிச் சில்லு மாதிரி.

மறுபடி ஆரம்பித்தால் மணலை முதலில் முடிப்பேன். ஒரு மாதம் மீனில்லாமல் தொட்டி ஓடி, அம்மோனியா அடங்கிய பிறகுதான் கடைக்கே போவேன். சலிப்பதையும் கோடையில் செய்ய மாட்டேன், தை மாதம் செய்வேன்.

கோரி மூன்றாக இருப்பது போதாது, கூட்டமாகத் திரிகிற மீன். ஆகஸ்டில் இன்னும் நாலு வாங்க வேண்டும். தம்பி நேற்று போன் பண்ணினான். கார் நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டதாம், அயிரை இன்னும் வேண்டுமா என்று கேட்டான். மூன்று போதும் என்று சொல்லிவிட்டேன். மிஞ்சின நாலு கிலோ மணல் மூடி போட்ட வாளியில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கொத்தனார் கண்ணில் பட்டுவிடாமல் மகன் அதன்மேல் 'மீன் மணல்' என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.